புள்ளி போன எழுத்து: ஆர்.என்.ஏ.வுக்கு ஆக்சிஜன் வைக்கிற வேட்டு

(எபிசோடின் ஒலிப்பதிவு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்ட வடிவம்.)

பின்னணியில லாரி ஹாரன் கேட்டா மன்னிச்சிடுங்க. குத்தம்பாக்கத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்துதான் ரெக்கார்ட் பண்றேன். ஜன்னலை மூடினா வேகுது, திறந்தா பெங்களூரு ஹைவே மொத்தமும் உள்ள வருது. அந்தப் புகைக்கும் இன்னைக்குப் பேசப்போற விஷயத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. கடைசிப் பக்கம் அதுக்கு வர்றேன்.

இன்னைக்கு விஷயம் இதுதான். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு ஒரு வார்த்தை எல்லா ஹெல்த் விளம்பரத்துலயும் வருது. அது நம்ம செல்லுக்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏ.வை, குறிப்பா அது மேல இருக்கிற சின்னச் சின்ன வேதியியல் குறிகளை, எப்படிக் கெடுக்குது? "ப்ரோ, பயாலஜி வேணாம்"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நானும் ப்ளஸ் டூவோட பயாலஜிக்கு டாட்டா காட்டிட்டு இன்ஜினியரிங் போனவன்தான். திரும்ப இதைப் படிக்க வெச்சது எங்க அப்பா.

அப்பாவுக்கு ஒன்பது வருஷமா சுகர். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர், இப்ப வீட்ல இருக்கார். மூணு மாச சராசரி காட்டுற ஹெச்.பி.ஏ.ஒன்.சி. எப்பவும் ஏழைச் சுத்தியே இருக்கும். போன முறை 8.6னு வந்துச்சு. சாப்பாடு மாறலை, நடை மாறலை. என்னதான் ஆச்சுன்னு அம்மாகிட்ட கேட்டா, "உங்கப்பாவைக் கேளு"ன்னாங்க. ராத்திரி மாத்திரையை மூணு மாசமா போடலை மனுஷன்.

"ஏன்ப்பா?"ன்னு கேட்டேன். அலமாரியில இருந்து ஒரு டப்பாவை எடுத்து வெச்சார். தெரிஞ்சவர் ஒருத்தர் வீடு தேடி வந்து வித்த ஆன்டி-ஆக்சிடன்ட் கேப்ஸ்யூல். "இரும்புல துரு பிடிக்கிற மாதிரி உடம்புலயும் பிடிக்குதாம்டா. சுகருக்கே அடிப்படை அந்தத் துருதானாம். துருவை எடுத்துட்டா மாத்திரையே வேணாமாம்."

"பொய்ப்பா"ன்னு கத்திட்டேன். அவர் கோபப்படலை. "நீ படிச்சவன்தானே, சும்மா பொய்னு சொல்லாத. எது பொய், எங்க பொய்னு படிச்சுச் சொல்லு"ன்னார். முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் வெச்சு அளந்த மனுஷன், அளக்காம எதையும் ஒத்துக்க மாட்டார்.

சரின்னு படிச்சேன். துரு பிடிக்குதுங்கிறது பெரும்பாலும் உண்மை. கேப்ஸ்யூல் அதை எடுத்துடும்ங்கிறதுதான் உண்மை இல்லை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

கிராஷ் ஆகாத பக்

முதல்ல என்னோட ஒரு அவமானத்தைச் சொல்லிடறேன். வேலையில சேர்ந்த புதுசுல, பேர்களைச் சுத்தம் பண்ற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். எழுத்து அல்லாத எல்லாத்தையும் தூக்கிடணும். இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ணினேன், பாஸ். லைவ் போயிடுச்சு.

தமிழ்ல என்ன ஆகும்னு யோசிக்கலை. யூனிகோடுல நம்ம புள்ளி ஒரு தனிக் குறியீடு. "பல்"னு எழுதினா கம்ப்யூட்டருக்கு அது மூணு துண்டு: ப, ல, புள்ளி. கொம்பு, கால், சுழி எல்லாமே அப்படித்தான். என் ஃபங்ஷன் அதையெல்லாம் "இது எழுத்து இல்லை"ன்னு முடிவு பண்ணி வெட்டிடுச்சு. "பல் மருத்துவர்" உள்ள போனா "பல மரததவர" வெளிய வந்துச்சு.

"மரததவர" பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும். ஆனா "பல்" "பல" ஆனது யார் கண்ணுலயும் படலை. ஏன்னா "பல"வும் ஒரு நல்ல தமிழ் வார்த்தை. எர்ரர் வரலை, கிராஷ் ஆகலை, லாக்ல ஒரு வரி இல்லை. மூணு வாரம் கழிச்சு ஒரு கஸ்டமர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

இதை மனசுல வெச்சுக்கோங்க. எழுத்து அப்படியே இருக்கு, மேல இருந்த புள்ளி மட்டும் போச்சு. வாசிக்கிறவர் நிக்காம, தப்பா வாசிச்சுட்டே போறார். ஆர்.என்.ஏ.வுல நடக்கிறதும் இதேதான்.

ஆர்.என்.ஏ.வுக்கும் புள்ளி உண்டு

டி.என்.ஏ.ங்கிறது செல்லோட மூலப்பிரதி. பத்திரமா உள்ள பூட்டி வெச்சிருக்கும். ஒரு புரதம் செய்யணும்னா, அந்தப் பகுதியை மட்டும் நகல் எடுத்து வெளிய அனுப்பும். அந்த நகல் எம்-ஆர்.என்.ஏ. அதுல நாலே எழுத்து: ஏ, ஜி, சி, யூ. மூணு மூணா வாசிக்கணும். ஒவ்வொரு மூணெழுத்தும் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். அந்த மூணெழுத்துக்குக் கோடான்னு பேர்.

வாசிக்கிற மெஷின் ரைபோசோம். மூணெழுத்துக்கு ஏத்த அமினோ அமிலத்தைக் கையில பிடிச்சுட்டு வர்ற டெலிவரி ஆள் டி-ஆர்.என்.ஏ. அவன்கிட்டயும் மூணெழுத்து இருக்கும். அது கோடானோட பொருந்தினாத்தான் சரக்கை இறக்கலாம், ஓ.டி.பி. மாதிரி.

இந்த டி-ஆர்.என்.ஏ. ரொம்ப சின்ன மூலக்கூறு, சுமார் 76 எழுத்து. அதுல பல எழுத்துகள் வெறும் ஏ, ஜி, சி, யூவா இருக்காது. மேல ஒரு மீதைல் குழு, ஒரு கந்தக அணு, இல்லை இன்னும் பெரிய ஏதாவது ஒட்டியிருக்கும். 1965ல ராபர்ட் ஹாலி ஈஸ்ட்ல இருந்து முதல் டி-ஆர்.என்.ஏ.வை முழுசா வாசிச்சப்பவே அதுல இந்த மாதிரி விசேஷ எழுத்துகள் இருந்துச்சு. 1968ல ஹர் கோவிந்த் குரானா, நிரன்பர்க் ரெண்டு பேரோட சேர்ந்து நோபல் வாங்கினாரே, அதே ஹாலிதான். இன்னைக்கு வரை ஆர்.என்.ஏ. குறிகள்ல 150க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதிகமான குறிகளைச் சுமக்கிறது டி-ஆர்.என்.ஏ.தான்.

இந்தக் குறிகள் அலங்காரமா? இல்லை. லைசின்னு ஒரு அமினோ அமிலத்தை எடுத்துக்கோங்க. அதோட ஒரு கோடான் ஏ-ஏ-ஏ. அதை வாசிக்கிற டி-ஆர்.என்.ஏ.வோட மூணெழுத்து யூ-யூ-யூ. ஏவும் யூவும் பிடிச்சுக்கிறது ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்புலதான். ஜியும் சியும்னா மூணு. அதனால இது கொஞ்சம் லூஸான பிடி. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுல ஏ-ஏ-யூ, ஏ-ஏ-சி ரெண்டும் இருக்கு. அது ரெண்டும் அஸ்பராஜின்னு வேற அமினோ அமிலம். கடைசி எழுத்துல கொஞ்சம் வழுக்கினா அட்ரஸ் மாறிடும்.

இந்த லூஸான பிடியை இறுக்கிறதுதான் குறிகளோட வேலை. நம்ம செல்கள்ல அந்த யூ-யூ-யூவோட முதல் எழுத்து மேல ஒரு கந்தக அணு உட்கார்ந்திருக்கும். மூணெழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்துலயும் கந்தகம் சேர்ந்த ஒரு பெரிய குறி இருக்கும். ரெண்டும் சேர்ந்து அந்த வளைவை ஆட விடாம பிடிச்சு வைக்குது.

இது எப்படி நடக்குதுன்னு படம் பிடிச்சுக் காட்டினவங்கள்ல நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருத்தர். ரைபோசோம் அமைப்புக்காக 2009ல நோபல் வாங்கினார்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2004ல, அமெரிக்காவோட பால் ஆக்ரிஸ் குழுவோட சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பாக்டீரியாவோட லைசின் டி-ஆர்.என்.ஏ. துண்டை ரைபோசோம்ல பொருத்தி, எக்ஸ்ரே படிகவியல் வழியா அமைப்பைப் பார்த்தாங்க. அந்தக் குறிகள் எங்க உட்கார்ந்து எப்படிப் பிடியை நிலைநிறுத்துதுன்னு அணு அளவுல தெரிஞ்சுது.

துரு எங்க இருந்து வருது

இப்ப அப்பாவோட துருவுக்கு வருவோம்.

நாம மூச்சிழுக்கிற ஆக்சிஜனைப் பயன்படுத்தித்தான் மைட்டோகாண்ட்ரியா எனர்ஜி எடுக்குது. அந்த வேலையில கொஞ்சம் எலக்ட்ரான் சிந்தும். சிந்தின எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடிச்சுக்கிட்டா சூப்பர்ஆக்சைடு. அதுல இருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தளர்வா திரியுற இரும்பு அயனியைச் சந்திச்சா ஹைட்ராக்சில் ரேடிக்கல், இந்தக் கூட்டத்துலயே பெரிய ரவுடி. எதிர்ல எது வந்தாலும் அடிக்கும்.

செல் சும்மா பார்த்துட்டு இருக்காது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ்னு நொதிகளை வெச்சு உடனுக்குடன் அடக்கும். அடக்குறதை விட உருவாகுறது அதிகமானா, அந்த நிலைக்குப் பேர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தாலும் இந்தக் கணக்கு தப்பும்.

இதுல டி.என்.ஏ.வை விட ஆர்.என்.ஏ. சுலபமா அடி வாங்கும். டி.என்.ஏ. ரெட்டை இழை, எழுத்துகள் உள்பக்கம் திரும்பி இருக்கும், சுத்தியும் புரதப் பொதி, கெட்டா சரி பண்ண தனிப் படையே உண்டு. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பக்கத்துலயே திரியும். கெட்டதை ரிப்பேர் பண்றதை விடத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு செய்யுறதுதான் செல்லுக்கு வழக்கம்.

அடி மூணு விதமா விழும்.

முதல் அடி எழுத்து மேலயே. நாலு எழுத்துல ஜிதான் ரொம்ப சுலபமா ஆக்சிஜனேற்றம் ஆகும். ஆனா அது 8-ஆக்ஸோகுவானின்னு ஒண்ணா மாறிடும். அது சியோட சேர்றதை விட்டுட்டு ஏவோடயும் கைகோக்கும். 2014ல அமெரிக்காவுல ஹானி ஜாஹர் குழு காட்டின மாதிரி, எம்-ஆர்.என்.ஏ.வுல இப்படி ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் ரைபோசோம் அங்கேயே மாட்டிக்கும். இதை நான் கிராஷ்னு சொல்வேன். மோசம்தான். ஆனா செல்லுக்குத் தெரிஞ்சிடும், அந்த நகலை அழிச்சிடும்.

ரெண்டாவது அடி புள்ளி மேல. கந்தகம் ஆக்சிஜனேற்றத்துக்குச் சட்டுனு இணங்குற தனிமம். வெள்ளிக் கொலுசு கறுக்கிறதுல இருந்து வெங்காயம் கண்ணை எரிக்கிறது வரைக்கும் அதோட சுறுசுறுப்புதான். போலந்துல லோட்ஸ் நகரத்து வேதியியலாளர்கள் கந்தகப் புள்ளி வெச்ச யூவை ஆர்.என்.ஏ. இழையில கோத்து, சோதனைக்குழாய்ல ஆக்சிஜனேற்றச் சூழல்ல விட்டுப் பார்த்தாங்க. 2011ல முடிவைச் சொன்னாங்க. கந்தகம் கழண்டு போயிடுது. கழண்ட இடத்துல எப்பவும் சாதா யூ மிஞ்சும்னும் இல்லை, பெரும்பாலும் வேற ஒரு எழுத்து மிஞ்சுது. அந்தப் புது எழுத்து ஏவை விட ஜியோட சேர்றதைத்தான் விரும்புதுன்னு அடுத்தடுத்த ஆய்வுகள்ல காட்டினாங்க. அதாவது, புள்ளி போனதோட நிக்காம, எழுத்தோட விருப்பமே மாறிடுது. இது சோதனைக்குழாய்ல பார்த்தது, மனுஷ உடம்புல அளந்தது இல்லைங்கிறதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணாவது அடி புள்ளி வைக்கிற பேனா மேல. இந்தக் குறிகளை ஒட்டுறது நொதிகள். கந்தகக் குறி ஒட்டுற சில நொதிகளோட நடுவுல இரும்பும் கந்தகமும் சேர்ந்த சின்னக் கொத்து இருக்கும். அதுதான் அவங்க பேனா முள். அந்தக் கொத்து ஆக்சிஜனேற்றத்துக்கு ரொம்ப மென்மையானது. முள் வளைஞ்சா, பழைய புள்ளி அழியலைன்னாலும் புதுசா வர்ற எழுத்துகளுக்குப் புள்ளி விழாது.

இன்சுலின்ல இருக்கிற ரெண்டு லைசின்

"சரி ப்ரோ, செல்லுக்குள்ள ஒரு புள்ளி போனா எனக்கென்ன?" இங்கதான் விஷயம் எங்க வீட்டு டைனிங் டேபிளுக்கு வருது.

இன்சுலின் நேரடியா உருவாகாது. முதல்ல 86 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீளச் சங்கிலி வரும், பேரு புரோஇன்சுலின். நடுவுல ஒரு துண்டை வெட்டி எடுத்தாத்தான் அது வேலை செய்யுற இன்சுலின். அந்த 86ல லைசின் மொத்தமே ரெண்டு. ரெண்டுல ஒண்ணு, கத்தரிக்கோல் வெட்ட வேண்டிய இடத்துலயே இருக்கு. "இங்கே கத்தரிக்கவும்"னு போட்ட புள்ளிக்கோடு மாதிரி. அந்த லைசின் மாறிப் போனா வெட்டு சரியா விழாது.

2007ல உலகம் முழுக்க நடந்த மரபணு ஆய்வுகள்ல டைப் 2 சர்க்கரை நோயோட சிடிகேஏஎல்1ங்கிற ஒரு மரபணு திரும்பத் திரும்பத் தொடர்புபட்டுச்சு. அது என்ன பண்ணுதுன்னு அப்ப தெரியலை. 2011ல ஜப்பான் குமமோட்டோ பல்கலைக்கழகத்துல டோமிசாவா குழு விடை சொன்னாங்க. அது ஒரு பேனா. லைசின் டி-ஆர்.என்.ஏ.வுல, மூணெழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற அந்தக் கந்தகக் குறியை வைக்கிற நொதி. எலிகளோட கணையத்துல பீட்டா செல்கள்ல மட்டும் அந்த நொதியை எடுத்துப் பார்த்தாங்க. லைசின் வர வேண்டிய இடத்துல தப்பு நடந்துச்சு, புரோஇன்சுலின் சரியா இன்சுலினா மாறலை, எலிகளால சர்க்கரையைச் சமாளிக்க முடியலை.

இன்னொண்ணு. 2020ல வெளிவந்த ஆய்வு ஒண்ணுல, எலிகளோட பீட்டா செல்லுல இரும்பைக் கையாளுற ஒழுங்கு கெட்டு இரும்பு குறைஞ்சதும், இதே பேனா சரியா எழுதலை. அதே குறி குறைஞ்சது, அதே லைசின் தப்பு, அதே சர்க்கரை. பேனா முள்ளுல இரும்பு இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அதுதான்.

இதோட ஒரு பழைய உண்மையையும் சேருங்க. உடம்புல இருக்கிற செல்கள்ல, பெராக்சைடை அடக்குற கேட்டலேஸ் மாதிரி நொதிகள் பீட்டா செல்லுல ரொம்பக் குறைவு. இன்சுலின் செய்யுற ஒரே தொழிற்சாலை. அதுல ஃபயர் எக்ஸ்டிங்யூஷர் ஒண்ணோ ரெண்டோதான்.

இது எத்தனை பேர் விஷயம்? சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆரோட சேர்ந்து நாடு முழுக்க நடத்தின இண்டியாப் ஆய்வு 2023ல வந்துச்சு. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதோட வாசல்ல நிக்கிறாங்க.

அளந்து பார்த்தவங்க

அப்பா கேட்ட மாதிரியே நானும் கேட்டேன்: இதை மனுஷங்ககிட்ட அளந்திருக்காங்களா?

டென்மார்க்ல அளந்திருக்காங்க. ஆர்.என்.ஏ.வுல கெட்டுப் போன அந்த ஜி, கடைசியில சிறுநீர்ல வெளிய வரும். டி.என்.ஏ.வுல கெட்டதும் வரும், ரெண்டையும் தனித்தனியா அளக்கலாம். புதுசா சர்க்கரை நோய்னு தெரிஞ்ச ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோட சிறுநீரை அளந்து, பல வருஷம் அவங்களைக் கவனிச்சு, 2011ல முடிவு சொன்னாங்க. ஆர்.என்.ஏ. துரு அதிகமா இருந்தவங்க பின்னாடி இறந்து போற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. டி.என்.ஏ. துருவுக்கு அந்தத் தொடர்பு தெரியலை. துருதான் கொன்னுச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. புகை தெரியுற இடத்துல நெருப்பு எங்கேன்னு தேடலாம், அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு நம்ம ஊருது. டெல்லி, சென்னை ரெண்டு நகரத்துலயும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல, 2010ல இருந்து 2017 வரைக்கும் கவனிச்சாங்க. முடிவு 2023ல வந்துச்சு. காத்துல இருக்கிற நுண்துகள், பி.எம். 2.5, வருஷ சராசரியில ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினா, புதுசா சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு 22 சதவீதம் கூடுது. இந்த ஆய்வுல ஆர்.என்.ஏ.வை அளக்கலை. ஆனா நுண்துகள் உடம்புல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் உண்டாக்கும்ங்கிறது நல்லாத் தெரிஞ்ச விஷயம். ஹைவே ஓரமா வீடு இருக்கிற எனக்கு அதைப் படிச்சதும் ஜன்னலைத்தான் பார்க்கத் தோணுச்சு.

இவ்வளவையும் அப்பாகிட்ட சொன்னேன். அவர் முகத்துல ஒரு வெற்றிப் புன்னகை. "நான்தான் சொன்னேனே, துரு!"

செல் தானே மாத்துற புள்ளி

"இருப்பா, இன்னும் முடிக்கலை"ன்னேன். கேப்ஸ்யூல்காரர் சொல்லாம விட்ட பாதி இதுதான்.

பெராக்சைடு வந்தா செல் அடி மட்டும் வாங்குறதில்லை, அதைச் செய்தியாவும் எடுத்துக்கும். 2012ல எம்.ஐ.டி.யோட பீட்டர் டெடன், ஆல்பனி நகரத்துல தாமஸ் பெக்லி, இவங்க குழுக்கள் ஈஸ்ட்ல இதைக் காட்டினாங்க. ஈஸ்டுக்குப் பெராக்சைடு கொடுத்ததும், லியூசின் கொண்டு வர்ற ஒரு டி-ஆர்.என்.ஏ.வுல ஒரு மீதைல் குறி அதிகமாச்சு. அடிபட்டு வந்த மாற்றம் இல்லை இது, ஒரு நொதி வேலை மெனக்கெட்டு வைக்கிற புள்ளி. அந்தப் புள்ளி வந்ததும், அந்த ஒரு கோடானை அதிகமா வெச்சிருக்கிற மரபணுக்கள்ல இருந்து புரதம் கூடுதலா வந்துச்சு. புள்ளி வைக்கிற நொதியை நீக்கின ஈஸ்ட், பெராக்சைடைத் தாங்க முடியாம திணறுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, சர்வர் மேல லோடு ஏறினதும் கோடை மாத்தாம, கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரியை மாத்தி, அவசரத்துக்கு வேண்டிய சர்வீஸ்களுக்கு முன்னுரிமை கொடுக்கிற மாதிரி. அந்த அலர்ட்டே வராம மியூட் பண்ணிட்டா என்ன ஆகும்? டேஷ்போர்டு பச்சையா இருக்கும், உள்ள சர்வர் எரியும்.

மனுஷங்ககிட்டயே இதுக்கு ஒரு சோதனை உண்டு. 2009ல ஜெர்மனியில மைக்கேல் ரிஸ்டவ் குழு, ஆரோக்கியமான இளைஞர்கள் சுமார் 40 பேரை நாலு வாரம் உடற்பயிற்சி பண்ண வெச்சாங்க. பாதிப் பேருக்குத் தினம் விட்டமின் சி 1000 மில்லிகிராம், விட்டமின் ஈ 400 யூனிட். மீதிப் பேருக்கு இல்லை. விட்டமின் எடுக்காதவங்களுக்கு இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சுது. எடுத்தவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கலை. பயிற்சியில வர்ற அந்தக் கொஞ்சம் துருதான் "எழுந்திரு, தயாராகு"ன்னு செல்லுக்குச் சொல்ற செய்தி. விட்டமின் அந்தச் செய்தியையே அழிச்சிடுச்சு. சின்ன சோதனைதான், பின்னாடி வந்த எல்லா ஆய்வும் இதே முடிவைத் தரலை. ஆனா "ஆன்டி-ஆக்சிடன்ட்னா எவ்வளவு போட்டாலும் நல்லதுதான்"ங்கிற நம்பிக்கை அதுக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. 1994ல ஃபின்லாந்துல புகைபிடிக்கிறவங்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தப்ப, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுச்சு. குறையும்னு நினைச்சுத்தான் கொடுத்தாங்க.

காரணம் இப்ப உங்களுக்கே புரியும். உடம்புல துருங்கிறது ஒரே பொருள் இல்லை. தப்பான இடத்துல விழுந்தா புள்ளியை அழிக்கும். சரியான இடத்துல, சரியான அளவுல வந்தா புது புள்ளி வைக்கச் சொல்லும். வாயில போடுற கேப்ஸ்யூலுக்கு எது எதுன்னு தெரியாது. அதோட, கழண்டு போன கந்தகத்தைத் திரும்ப ஒட்டுற வேலையும் அதுக்குத் தெரியாது. அது செல்லுக்குள்ள இருக்கிற பேனாவோட வேலை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்

அப்பா தினம் காலையில ஏரிக்கரையில நாற்பது நிமிஷம் நடப்பார். வந்து காபிக்கு முன்னாடி அந்தக் கேப்ஸ்யூல். டப்பாவோட பின்பக்கம் பொடி எழுத்துல இருந்ததை வாசிச்சேன். ரெண்டு வேளைக்கும் சேர்த்து விட்டமின் சி 1000 மில்லிகிராம், விட்டமின் ஈ 400 யூனிட். ஜெர்மனியில கொடுத்த அதே கணக்கு.

"நடக்கிறதும் நீதான், அதைக் கழிக்கிறதும் நீதான்ப்பா"ன்னேன். உண்மையில அவர் வயசுல, அவர் உடம்புல அப்படியே நடக்குதான்னு அந்தச் சின்ன சோதனையை வெச்சுச் சொல்லிட முடியாதுன்னும் சொன்னேன். ஆனா ஒண்ணு சந்தேகமே இல்லாத கணக்கு: ராத்திரி மாத்திரையை நிறுத்தின மூணு மாசத்துல சர்க்கரை ஏறுச்சு. ஏறின சர்க்கரையே துருவைக் கூட்டும். துருவை எடுக்கப் போயி, துரு பிடிக்கிற காரணத்தைத் திறந்து விட்டுட்டார்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "லேத்ல கூட கூலன்ட் எவ்வளவு விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. அதிகமா விட்டா வேலை நல்லா வரும்னு நெனச்சா, பீஸ் வழுக்கும்"னார். அவர் ஒத்துக்கிட்டார்ங்கிறதுக்கு அதுதான் அடையாளம்.

அடுத்த நாள் பூந்தமல்லியில வழக்கமா பார்க்கிற டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போனோம். மாத்திரையை நிறுத்தினதை அவரே வாயைத் திறந்து சொன்னார், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். டாக்டர் திட்டலை. மாத்திரையை மறுபடி எழுதினார், கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார், நெல்லிக்காய் கொய்யாக்காய் சாப்பிட்டா போதும்னார். அடுத்த டெஸ்ட் இன்னும் மூணு வாரத்துல. என்ன வருதுன்னு எனக்கும் பயம்தான்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். இருந்தா முதல்ல ஒண்ணு கேளுங்க: இதுக்காக வேற எந்த மாத்திரையையாவது நிறுத்தினீங்களான்னு. கத்தாம கேளுங்க, நான் பண்ணின தப்பு அது. எந்த மாத்திரையைச் சேர்க்கிறதும் நிறுத்துறதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. நான் சாஃப்ட்வேர் ஆள், என் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீங்க.

அந்த விக்கிறவர்கிட்ட அப்பா என்ன சொன்னார்னு கேட்டேன். "துரு இருக்குன்னு சொன்னீங்க, சரி. எந்தப் புள்ளியைச் சரி பண்ணுவீங்கன்னு கேட்டேன்டா. அவர் முழிச்சார்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

அவ்வளவுதான் மக்களே. கேள்வி இருந்தா எழுதுங்க, தெரிஞ்ச வரைக்கும் படிச்சுச் சொல்றேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம். இப்ப ஜன்னலை மூடுறேன்.